தூத்துக்குடியில் ஒரு ஸ்காட்லாந்து: பள்ளி, மில், கப்பல்... வ.உ.சி. உண்மையில் யாரை எதிர்த்து நின்றார்?

'வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வ.உ.சி.' பள்ளிப் பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்த வரி இது. ஆனால் அந்த வெள்ளைக்காரர் யார், எந்த ஊர், தூத்துக்குடியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

பதிலைத் தேடிப் போனால், ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சின்ன நாடான ஸ்காட்லாந்தில் போய் நிற்கும். கப்பல் கம்பெனியை உருவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரர். வேலைநிறுத்தம் நடந்த மில்லின் முதலாளிகள் ஸ்காட்லாந்துக்காரர்கள். வ.உ.சி. படித்த பள்ளிகளில் ஒன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வளர்ந்து படித்தவரின் பெயரைத் தாங்கியது.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. வியட்நாமின் கார் கம்பெனி, புதிய விமான நிலைய முனையம், கப்பல் கட்டும் தளத் திட்டம் என்று தூத்துக்குடிக்கு வெளி முதலீடு வரிசை கட்டி வருகிறது. வெளியூர்ப் பணம் வந்தபோதெல்லாம் இந்த ஊர் என்ன கேட்டது, என்ன கிடைத்தது? ஸ்காட்லாந்துக் கதையிலிருந்தே விரிவாகப் பார்க்கலாம்.

டனிடன் முதல் தூத்துக்குடி வரை

ஸ்காட்லாந்துப் பாரம்பரியம் கொண்ட கடற்கரை ஊர்கள் உலகம் முழுக்க உண்டு. நியூசிலாந்தில் டனிடன் என்ற துறைமுக நகரம், 1848இல் ஸ்காட்லாந்துக் குடியேறிகள் வந்து இறங்கி உருவாக்கியது. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் பழைய கேலிக் மொழிப் பெயர்தான் டனிடன். அமெரிக்காவின் புளோரிடாவிலும் அதே பெயரில் ஒரு சின்னக் கடற்கரை நகரம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் கட்டம் போட்ட பாவாடை போன்ற 'கில்ட்' உடையும் பேக்பைப் இசையுமாக விளையாட்டு விழா நடக்கும்.

சென்னைக்காரர்களுக்கும் இது அந்நியமில்லை. எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஸ்காட்லாந்துத் திருச்சபையினர் கட்டிய தேவாலயம். தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறித்தவக் கல்லூரி, ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1837இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அண்ணா சாலைக்கு அருகே, தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் பிறந்தவர்.

தூத்துக்குடியின் கதை இவற்றிலிருந்து வேறு. இங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறவில்லை. பேக்பைப் விழாவும் கிடையாது. அவர்கள் விட்டுச்சென்றவை மூன்று: ஒரு பள்ளி, ஒரு மில், ஒரு கப்பல் பாதை. மூன்றுமே இந்த ஊரோடு மோதின அல்லது கலந்தன. அதனால்தான் இது சுற்றுலாக் கதை ஆகாமல் அரசியல் கதை ஆனது.

ஏன் தூத்துக்குடி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 2.37 லட்சம் பேர் இருந்த நகரம் இது. 2008இல்தான் மாநகராட்சி ஆனது. சென்னை, கோவை, மதுரையோடு ஒப்பிட்டால் சின்ன ஊர்தான். ஆனால் கடல் வழியாக வந்தவர்களின் பட்டியல் நீளமானது.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தார்கள். முத்துக்குளித்துறை பரதவர் சமூகம் அப்போதுதான் கிறித்தவத்துக்கு வந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். கடைசியாக 1825இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஊரின் அடையாளமான பனிமய மாதா கோயிலும், தின்னத் தின்ன ஆசை விடாத மக்ரூனும் இந்தக் கலவையின் மிச்சம்.

19ஆம் நூற்றாண்டில் இரண்டு விஷயங்கள் ஊரைத் தலைகீழாக மாற்றின. ஒன்று, பருத்தி. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி, மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடி வழியாகத்தான் கடல் தாண்டியது. 1876இல் ரயில் பாதையும் வந்து சேர, ஏற்றுமதி இன்னும் சூடு பிடித்தது.

இரண்டாவது, இலங்கை. அங்கே வணிக அளவிலான தேயிலைச் சாகுபடியை 1867இல் தொடங்கிவைத்தவர் ஜேம்ஸ் டெய்லர். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான்! அந்த மலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். தூத்துக்குடி - கொழும்பு கடல் பாதையில் கூலித் தொழிலாளி, வியாபாரி, தபால், கருவாடு, அரிசி என எல்லாமே பயணப்பட்டது. அந்தப் பாதையில் கப்பல் விடுபவருக்கு லாபம் நிச்சயம்.

முதல் அடையாளம்: கால்டுவெல் பள்ளி

ராபர்ட் கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் ஸ்காட்லாந்து வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதிலேயே கிளாஸ்கோவுக்குப் போய், அங்கேயே வளர்ந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார். 1838இல் சென்னை வந்தார். பிறகு நெல்லைச் சீமையில் இடையன்குடியைத் தன் ஊராக்கிக்கொண்டார்.

1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூல், தமிழ் சமஸ்கிருதத்திலிருந்து கிளைத்த மொழி அல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை மொழியியல் முறையில் விரிவாக நிறுவியது. தமிழக அரசியலில் அந்த நூலின் எதிரொலி இன்றும் கேட்கிறது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

சாயர்புரத்தில் இயங்கிய கல்வி நிறுவனம் 1883இல் தூத்துக்குடிக்கு இடம் மாறியது. கால்டுவெல் பெயரில் இன்றும் நகரில் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் படித்த பள்ளிகளில் கால்டுவெல் பள்ளியும் ஒன்று.

கால்டுவெல் சொன்னதை எல்லாம் ஊர் அப்படியே ஏற்றுக்கொண்டதா என்றால், அதுவும் இல்லை. 1849இல் அவர் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு அந்தச் சமூகத்திலிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. 1857இல் சட்டாம்பிள்ளை என்பவர் வெள்ளை மிஷனரிகளின் பிடியிலிருந்து விலகித் தனித் திருச்சபையே தொடங்கினார். மதிப்பும் உண்டு, மறுப்பும் உண்டு என்ற இந்தப் போக்கு, அடுத்து வந்த மில்லுக்கும் கப்பலுக்கும் பொருந்தும்.

இரண்டாவது அடையாளம்: ஹார்வி மில்

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் பருத்தி வியாபாரத்துக்காகத் தென் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1880களில் 'ஏ அண்ட் எஃப் ஹார்வி' கம்பெனி உருவானது. அம்பாசமுத்திரம் அருகே பாபநாசத்தில் அருவியின் தண்ணீர் விசையை வைத்து ஒரு மில். தூத்துக்குடியில் 'கோரல் மில்'. 1890களில் மதுரையில் இன்னொரு மில். பஞ்சை அப்படியே கப்பலேற்றாமல், இங்கேயே நூலாக்கினால் லாபம் அதிகம் என்பது அவர்களின் கணக்கு.

இந்த மூன்று ஊர் மில்கள் தென் மாவட்டங்களின் வாழ்க்கையையே மாற்றின. மதுரை திருப்பரங்குன்றம் பக்கத்தில் மில் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்புக்கு இன்றைக்கும் பெயர் ஹார்விபட்டி. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் பிறந்த உலகப் புகழ் பெற்ற தையல் நூல் கம்பெனி 'கோட்ஸ்'. அதன் இந்தியக் கிளையும் மதுரா மில்ஸும் 1974இல் இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆனது. அதிலிருந்து 1988இல் பிறந்ததுதான் ஆயத்த ஆடைப் பிரிவான 'மதுரா கார்மென்ட்ஸ்'. பின்னர் அது பிர்லா குழுமத்துக்குக் கைமாறியது. மாலில் 'வான் ஹியூசென்', 'லூயி பிலிப்' சட்டை வாங்குபவர்கள், அந்த வணிகத்தின் வேர் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஹார்வி சகோதரர்கள் போட்ட மில்களில் இருக்கிறது என்பதை அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

மூன்றாவது அடையாளம்: கப்பல்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கேம்பல்டவுன் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே 1823இல் பிறந்தவர் வில்லியம் மெக்கின்னன். கல்கத்தா வந்து வியாபாரத்தில் இறங்கி, 1856இல் ஒரு நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதுவே 1862இல் 'பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி' ஆனது. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. அரசாங்கத் தபால் ஒப்பந்தங்களும் கையில் இருந்ததால், இந்தியக் கடற்கரை நெடுக அதன் ராஜ்ஜியம்தான்.

தூத்துக்குடி - கொழும்பு பாதையும் அதன் பிடியில் இருந்தது. இங்கேதான் ஒரு முக்கியமான முடிச்சு: தூத்துக்குடியில் பி.ஐ. கம்பெனியின் ஏஜென்ட் யார் தெரியுமா? அதே ஏ அண்ட் எஃப் ஹார்வி கம்பெனிதான்!

அதாவது, கப்பல் டிக்கெட்டும் மில் கூலியும் ஒரே ஆபீஸில் முடிவாகும். கரிசல் காட்டுப் பருத்தி எந்த விலைக்குப் போகும், நூற்பவருக்கு எவ்வளவு கூலி, கொழும்புக்குப் போக எவ்வளவு கட்டணம் என்ற மூன்று கேள்விகளிலும் அந்த ஆபீஸின் கை இருந்தது. வ.உ.சி.யின் போராட்டம் ஏன் கப்பலோடு நிற்காமல் மில் வாசலுக்கும் போனது என்பது இந்த முடிச்சைப் பார்த்தால்தான் புரியும்.

25 ரூபாய் பங்கு

1906 அக்டோபர் 16. 'சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி' பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசியாவைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி.

ஆரம்பத்தில் வாடகைக் கப்பல்தான். எதிர்த் தரப்பின் நெருக்கடியால் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். 'வாடகைக் கப்பலை நம்பினால் கதை ஆகாது, சொந்தக் கப்பலே வேண்டும்' என்ற முடிவுக்கு வந்தார் வ.உ.சி. 1907இல் 'காலியா', 'லாவோ' என இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அப்புறம் கட்டணப் போர்! பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே போனது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போனார்கள், கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. இன்று ஆன்லைன் கம்பெனிகள் நஷ்டத்துக்கு விற்றுப் போட்டியாளரைக் காலி செய்கின்றன என்று பேசுகிறோமே, அதே உத்திதான். ஆழமான கல்லா இருப்பவர் ஐந்து வருடம் நஷ்டம் தாங்குவார். 25 ரூபாய்ப் பங்குதாரர்களை நம்பி இருப்பவர் எத்தனை மாதம் தாங்குவார்?

1908: மில் வாசலில் ஒரு வாரம்

1908 பிப்ரவரி 27. கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். கோரிக்கைகள் எளிமையானவை: கூலியை உயர்த்து, வாரம் ஒரு நாள் விடுமுறை கொடு, மற்ற லீவுகளைக் கொடு.

இந்தியா முழுக்க நூற்பாலையில் ஆண் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற வரம்பு வந்ததே 1911 சட்டத்தில்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1918இல். அதற்கும் பத்து வருடம் முன்னால் நடந்த வேலைநிறுத்தம் இது.

வேலைக்குப் போகாதவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே! ஊரில் நிதி திரட்டினார்கள். சிலருக்கு வேறு வேலை பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த போராட்டத்தின் முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வேலை நேரக் குறைப்பும் கிடைத்தன. கல்கத்தாவில் அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை இந்த வெற்றியைப் பாராட்டியது.

சில நாட்களிலேயே, மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல, சிறைக்குப் போன தலைவர்களுக்காக. திலகருக்காக பம்பாய் மில் தொழிலாளர்கள் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தம் அதே ஆண்டு ஜூலையில்தான் நடந்தது.

வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள் என்று 1908 ஜூலையில் தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தது ஊரறிந்த கதை. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது சுதேசிக் கப்பல் கம்பெனியே இல்லை. 1911இல் கலைக்கப்பட்டுவிட்டது.

மில்லில் வெற்றி, கப்பலில் தோல்வி... ஏன்?

ஒரே ஊர், ஒரே தலைவர், ஒரே எதிர்த் தரப்பு. மில்லில் கேட்டது கிடைத்தது. கப்பலில் கிடைக்கவில்லை. காரணம் என்ன?

மில்லில் தொழிலாளியிடம் பேரம் பேசும் ஆயுதம் இருந்தது. அவர் வராவிட்டால் மில் ஓடாது. ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நஷ்டம். அதனால் பேச்சுவார்த்தை சாத்தியமானது.

கப்பலில் நிலைமை வேறு. அங்கே கேட்டது கூலி உயர்வு இல்லை, உரிமையில் பங்கு. அதற்கு நீண்ட கால முதலீடு வேண்டும், வங்கிக் கடன் வேண்டும், துறைமுக அதிகாரிகளின் ஒத்துழைப்பு வேண்டும், அரசாங்க ஒப்பந்தங்கள் வேண்டும். இது அத்தனையும் மறுதரப்பில் இருந்தது. ஊர் மக்களின் ஆதரவு டிக்கெட் விற்க உதவியது. நஷ்டத்தைத் தாங்க அது போதவில்லை. தலைவர் சிறைக்குப் போனதும் பங்குதாரர்களின் நம்பிக்கையும் சரிந்தது. பி.ஐ. கம்பெனியோ தொடர்ந்து வளர்ந்து 1914இல் பி அண்ட் ஓ கம்பெனியோடு இணைந்து, உலகின் மிகப்பெரிய கப்பல் குழுமங்களில் ஒன்றின் அங்கமானது.

சுருக்கமாகச் சொன்னால், கூலியை ஊர் வாங்கியது. உரிமையை வாங்க முடியவில்லை. அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அடுத்த நூறு வருடமும் தூத்துக்குடியைத் துரத்துகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன மாறியது?

நிறையவே மாறியது. பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நிற்க, தோணியில்தான் சரக்கு போய்வரும். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளும் மத்திய அரசுத் துறைமுகம் அது. 2011இல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. எந்தக் கடலில் அவர் கம்பெனி கலைக்கப்பட்டதோ, அதே கடலின் வாசலில் அவர் பெயர்.

ஆனால் கொழும்புக்குப் போகும் பயணிகள் கப்பல்? 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் பாதையும் வந்தபோதே தூத்துக்குடியின் மவுசு குறையத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் கழித்து, 2011 ஜூன் மாதம் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. கப்பலின் பெயர் 'ஸ்கோஷியா பிரின்ஸ்'. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்கு ஓடிய பழைய கப்பல் அது. நோவா ஸ்கோஷியா என்றால் லத்தீனில் 'புதிய ஸ்காட்லாந்து'. தற்செயல்தான், ஆனாலும் பெயர் பொருத்தத்தைப் பாருங்கள்! அந்தச் சேவை சில மாதங்களிலேயே நின்றுபோனது. 2023 அக்டோபரில் இலங்கைக்கு மீண்டும் பயணிகள் கப்பல் விடப்பட்டபோது அது கிளம்பியது தூத்துக்குடியிலிருந்து அல்ல, நாகப்பட்டினத்திலிருந்து.

மூன்றாவது கேள்வி: 2018

கூலி, உரிமை என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் இந்த ஊரில் எழுந்தது. 'எங்களைக் கேட்டீர்களா?' என்பது அது.

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் 100வது நாளான 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த சில நாட்களில் தமிழ்நாடு அரசு ஆலையை மூடி சீல் வைத்தது. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆலையை மீண்டும் திறக்கக் கோரிய வேதாந்தா நிறுவனத்தின் மனுவை 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆலை மூடியதால் நேரடி வேலை, ஒப்பந்த வேலை, லாரித் தொழில் என்று வருமானம் இழந்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். காற்றும் தண்ணீரும் கெடுவதை ஏற்க முடியாது, வேலையும் வேண்டும் என்பது தூத்துக்குடியின் நிஜமான சிக்கல்.

இப்போது வருவது என்ன?

சில ஆண்டுகளாக வந்த அறிவிப்புகளை வரிசையாகப் பார்த்தால் ஊரின் வேகம் புரியும்.

வியட்நாமின் 'வின்ஃபாஸ்ட்' மின்சாரக் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல். 2025 ஆகஸ்ட் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். சிலாநத்தம் சிப்காட்டில் சுமார் 400 ஏக்கரில், ஆண்டுக்கு 50,000 வாகனங்கள் என்ற தொடக்கத் திறனோடு ஆலை இயங்கத் தொடங்கியது.

விமான நிலையத்தின் புதிய முனையத்தை, சுமார் 450 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட நிலையில், 2025 ஜூலை 26 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தார். மாவட்டத்தின் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இதில் வரலாற்றோடு நேரடியாக இணைவது கப்பல் கட்டும் தளத் திட்டம். கொச்சின் ஷிப்யார்டு, மசகான் டாக் என்ற இரண்டு பொதுத்துறைக் கம்பெனிகளும் தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளங்கள் அமைக்க 2025 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்திருப்பதாகவும், மொத்த முதலீடு 30,000 கோடி ரூபாய் என்றும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கப்பலை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த வ.உ.சி.யின் ஊரில் கப்பலே கட்டப்படும் என்றால் சும்மாவா!

ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது வாக்குறுதி மட்டுமே. அது ஆலையாக, ஆலை வேலையாக, வேலை நிரந்தர வேலையாக மாறும் ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை சுருங்கக்கூடும். தமிழ்நாடு இதைப் பலமுறை பார்த்திருக்கிறது.

அப்போ ஊர் எதைக் கவனிக்க வேண்டும்?

1908இன் மில்லும் கப்பலும், 2018இன் போராட்டமும் சேர்ந்து மூன்று அளவுகோல்களைத் தருகின்றன.

ஒன்று, கூலி. அறிவிக்கப்படும் வேலைகளில் எத்தனை நிரந்தரம், எத்தனை ஒப்பந்தம்? ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை? உப்பளத்தில் காலில் வெடிப்போடு நாள் கூலிக்கு நிற்கும் பெண்களின் மகளுக்கு அந்தக் கார் ஆலையில் இடம் உண்டா? குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டுக்கே உப்புத் தரும் ஊரில், இது வெறும் பேச்சுக்கான கேள்வி இல்லை.

இரண்டு, உரிமையில் பங்கு. பெரிய ஆலை வரும்போது அதற்கு உதிரிபாகம், போக்குவரத்து, பழுதுபார்ப்பு, உணவு என்று நூறு சின்னத் தொழில்கள் தேவைப்படும். அவை உள்ளூர்க்காரர் கையில் இருந்தால் பணம் ஊரில் சுற்றும். எல்லாமே வெளியிலிருந்து வந்தால் ஊருக்கு மிஞ்சுவது சம்பளம் மட்டும். சுதேசிக் கம்பெனி தோற்றது ஆர்வம் இல்லாமல் அல்ல, கடனும் அரசு ஆதரவும் இல்லாமல்தான். இன்று வங்கியும் அரசும் நம்முடையவை. எனவே 1911ஐக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது.

மூன்று, கலந்து பேசுவது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக்கேட்பு என்பது சட்டம் தரும் உரிமை. துறைமுக விரிவாக்கமோ கப்பல் கட்டும் தளமோ எதுவானாலும், கடலுக்குள் கல் கொட்டும்போது முதலில் பாதிக்கப்படுவது நாட்டுப்படகு மீனவர். மன்னார் வளைகுடா பவளப்பாறைகளும் தூத்துக்குடித் தீவுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. திட்டம் முடிவான பிறகு தகவல் சொல்வதற்கும், முடிவெடுக்கும் முன் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும்.

ஹார்வி சகோதரர்களும் வில்லன்கள், வின்ஃபாஸ்ட்டும் அப்படியே என்று சொல்வதல்ல இது. ஹார்வி மில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. கால்டுவெல் பள்ளியும் ஆயிரக்கணக்கானவர்களைப் படிக்க வைத்தது. வெளியிலிருந்து வருவதை வேண்டாம் என்று வாசலை அடைத்த ஊர் இல்லை தூத்துக்குடி. அது வரட்டும், ஆனால் எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்ட ஊர்.

கப்பல் கட்டும் தளங்களுக்கான இடம், சுற்றுச்சூழல் அனுமதி, கருத்துக்கேட்புத் தேதி, உள்ளூர் வேலைவாய்ப்பு விகிதம் ஆகியவைதான் இனி இதில் பார்க்க வேண்டியவை. 25 ரூபாய் போட்டுப் பங்கு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தத் தளங்களில் வெல்டராக மட்டும் இருப்பார்களா, ஒப்பந்ததாரராகவும் பொறியாளராகவும் இருப்பார்களா என்பது அந்த விவரங்களில்தான் இருக்கிறது.